வறுத்த நிலக்கடலையின் வரலாறு

மாலை நேரம். பேருந்து நிலையத்தில் நிற்கிறீர்கள். எதிரே ஒரு தள்ளுவண்டி. அதன்மேல் அடுப்பு, அடுப்பின்மேல் இருப்புச்சட்டி, சட்டி நிறையக் கறுத்த மணல். கடலைக்காரர் கரண்டியால் மணலைப் புரட்டிக் கொண்டே இருக்கிறார். இடையிடையே சட்டியின் விளிம்பில் "டங், டங்" என்று தட்டுகிறார். ஓசை உங்கள் காதில் விழுவதற்கு முன்பே மணம் மூக்கை எட்டிவிடுகிறது. கால்கள் தாமாக அந்தப் பக்கம் திரும்புகின்றன. காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, சல்லடையில் மணல் சலித்த கடலையைப் போட்டுத் தருகிறார். ஒன்றை எடுத்துத் தோலை ஊதிவிட்டு வாயில் போடுகிறீர்கள்.

இப்போது ஒரு சின்னச் சோதனை. வீட்டில் வறுக்காத நிலக்கடலைப் பருப்பு இருந்தால் ஒன்றை மென்று பாருங்கள். பச்சைப் பயற்றின் வாடை அடிக்கும். லேசாக இனிக்கும். நாக்கில் சிறிது கொழகொழப்பாக ஒட்டும். வண்டிக்காரரின் கடலையில் இருந்த அந்த மணம் இதில் துளியாவது இருக்கிறதா? இல்லை. அப்படியானால் அது எங்கிருந்து வந்தது?

விடை அந்தச் சட்டிக்குள்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டிக்கு இந்தக் கடலை வந்து சேர்ந்த கதை மிக நீண்டது. கடலையைக் கொறித்துக்கொண்டே அதைக் கேளுங்கள். நடுவில் ஒரு பருப்பு கசந்தால் துப்பிவிடுங்கள். அந்தக் கசப்புக்கும் இக்கதையில் இடம் உண்டு. பிறகு அதற்கு வருவோம்.

பல்லில் ஒட்டிய சான்று

நிலக்கடலையின் தாயகம் தென் அமெரிக்கா. பொலிவியாவின் தென்பகுதியும் அர்ஜென்டினாவின் வடமேற்குப் பகுதியும் அடுத்தடுத்து அமைந்த மலைச்சாரல்களில் அது பிறந்தது என்பது தாவரவியலாரின் முடிவு. பிறந்த விதமும் வியப்பானது. அராக்கிஸ் டுரானென்சிஸ், அராக்கிஸ் இபாயென்சிஸ் என்ற இரண்டு காட்டுச் செடிகள் கலந்து உண்டானதே நாம் பயிரிடும் நிலக்கடலை. பெற்றோர் ஒவ்வொன்றுக்கும் 20 குரோமோசோம்கள், பிள்ளைக்கு 40.

இந்த இரண்டு செடிகளும் எப்படிச் சந்தித்தன? இயற்கையில் அவற்றின் இருப்பிடங்கள் வேறு வேறு. நிலக்கடலை இனத்தின் விதைகள் காற்றில் பறப்பவை அல்ல. மண்ணுக்குள் புதைந்து கிடப்பவை. ஓரிடத்தை விட்டு நகர அவற்றுக்குப் பல நூற்றாண்டுகள் ஆகும். 2016ஆம் ஆண்டில் இவ்விரு காட்டுச் செடிகளின் மரபுத்தொகுதியை முழுவதும் படித்து வெளியிட்ட விஞ்ஞானிகள், சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்களே ஒரு செடியின் விதைகளை மற்றொன்று வளர்ந்த இடத்துக்கு எடுத்துச் சென்றிருக்க வேண்டும் என்று கருதினார்கள். மீதி வேலையைத் தேனீக்கள் செய்தன. யாரோ ஒருவர் வழிப்பயணத்துக்குக் கொறிக்க எடுத்துச் சென்ற விதைகளாகத்தான் அவை இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இது வெறும் ஆசைதான், சான்று இல்லை!

சான்று உள்ள செய்தி ஒன்று சொல்கிறேன். பெரு நாட்டின் வடக்கே ஞான்சோக் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே வாழ்ந்தவர்களின் பற்கள் தோண்டி எடுக்கப்பட்டன. பல் துலக்காவிட்டால் பல்லில் காரை படிகிறது அல்லவா? அந்தக் காரையைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது பூசணி, அவரை இனம் ஆகியவற்றோடு நிலக்கடலையின் மாவுப்பொருள் துகள்களும் தென்பட்டன. 2008இல் இந்த ஆய்வு வெளியாயிற்று. கடலை தின்று வாய் கொப்பளிக்காமல் விட்ட யாரோ ஒருவரால் நமக்குக் கிடைத்த வரலாறு இது.

அதே பெருவில், 1987ஆம் ஆண்டு, சிப்பான் என்ற ஊரில் மோச்சே மக்களின் அரசர் ஒருவரது கல்லறையை வால்டர் ஆல்வா என்னும் தொல்லியலார் அகழ்ந்தார். ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட அரசரின் மார்பில் ஓர் ஆரம் கிடந்தது. வலப்பக்கம் தங்கத்தில் பத்து மணிகள். இடப்பக்கம் வெள்ளியில் பத்து மணிகள். ஒவ்வொரு மணியும் ஒரு நிலக்கடலைக் காயின் வடிவம்! இடுப்பு ஒடுங்கிய ஓடு, ஓட்டின்மேல் ஓடும் வரிகள், எல்லாம் அச்சு அசலாக. நாம் "ஏழைகளின் முந்திரி" என்று அழைக்கும் பொருளை ஓர் அரசர் மார்பில் அணிந்து கொண்டு மறுமைக்குப் போயிருக்கிறார்.

பெயரிலே இருக்கிறது வழி

ஒரு பயிர் புதிய ஊருக்குப் போகும்போது அவ்வூர் மக்கள் அதற்கு எப்படிப் பெயர் வைக்கிறார்கள்? பெரும்பாலும் தங்களுக்கு முன்பே தெரிந்த பொருள் ஒன்றோடு ஒப்பிட்டுத்தான். நாம் ஏற்கெனவே கொண்டைக்கடலையை அறிந்திருந்தோம். மண்ணுக்குள் விளைந்த இந்தப் புதிய பருப்பை நிலக்கடலை, வேர்க்கடலை என்றோம். தெலுங்கரும் அவ்வாறே "வேருசெனக" என்றார்கள். செனக என்றால் கடலை. மெக்சிகோவின் பழைய நகுவா மொழியினருக்குக் கடலை தெரியாது, கக்காவோ தெரியும். சாக்லேட்டு செய்கிற கொட்டை அது. ஆகவே "நிலத்துக் கக்காவோ" என்று பொருள்பட அவர்கள் பெயரிட்டார்கள். ஸ்பானிய மொழியில் இன்று மெக்சிகர்கள் வழங்கும் "கக்காவாத்தே" என்ற சொல் அதன் வழிவந்ததே. ஒன்றையொன்று அறியாத இரண்டு மொழிகள் ஒரே தடத்தில் சிந்தித்திருக்கின்றன!

வேறு சில பெயர்கள் வழியைக் காட்டுகின்றன. மலையாளத்தில் "கப்பலண்டி", கப்பலில் வந்த கொட்டை. நம் ஊரில் மணிலாக்கொட்டை. விழுப்புரம், வேலூர்ப் பக்கங்களில் அதுவே தேய்ந்து மல்லாட்டை ஆகிவிட்டது. மல்லாட்டை தின்னும் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தாங்கள் பிலிப்பைன்சின் தலைநகரைப் பெயர் சொல்லி அழைக்கிறோம் என்று தெரியும்? இலங்கைத் தமிழர்கள் இதைக் கச்சான் என்கிறார்கள். அங்கே கோயில் திருவிழா என்றால் வாசலில் கச்சான் கடை இருந்தே தீரும்.

மணிலா என்ற பெயர் சும்மா வந்ததன்று. 1565ஆம் ஆண்டு முதல் 1815ஆம் ஆண்டு வரை ஸ்பானியக் கப்பல்கள் மெக்சிகோவின் அக்காபுல்கோ துறைமுகத்திலிருந்து பசிபிக் கடலைக் கடந்து மணிலாவுக்குப் போய் வந்துகொண்டிருந்தன. போகும்போது அமெரிக்க வெள்ளி, திரும்பும்போது சீனப் பட்டு. வெள்ளியோடு சேர்ந்து அமெரிக்கப் பயிர்களும் ஆசியாவுக்கு வந்தன. மறுபுறம் போர்ச்சுக்கீசியர்கள் பிரேசிலிலிருந்து நிலக்கடலையை ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்குக் கொண்டு சேர்த்தார்கள். அங்கே மண்ணுக்குள் காய்க்கும் பம்பாராக் கடலை என்ற உள்நாட்டுப் பயிர் ஏற்கெனவே இருந்தது. எனவே புதியதைக் கண்டு யாரும் மிரளவில்லை.

தமிழ்நாட்டில் நிலக்கடலை வயலை நிரப்பியது கொறிப்பதற்காக அன்று, எண்ணெய்க்காக. 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளும் சவர்க்காரத் தொழிலும் கடலைக்கு அலைந்தன. தென்னார்க்காட்டுக் கடலை புதுச்சேரித் துறைமுகம் வழியாகக் கப்பலேறியது. பின்னர் திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. உழவர்கள் நன்கறிந்த "டி.எம்.வி." இரகங்களின் பெயரில் உள்ள எழுத்துகள் அந்தத் திண்டிவனத்தைக் குறிப்பவையே. 1940இல் வெளிவந்த டி.எம்.வி. 2 என்ற புகழ்பெற்ற இரகம் "குடியாத்தம் கொத்து" என்ற நாட்டு வகையிலிருந்து பொறுக்கி எடுக்கப்பட்டது. ஆலைக்குப் போனது போக வீட்டில் மிஞ்சியது அவித்தோ வறுத்தோ தின்னப்பட்டது. மலிவு என்பதால் அது சிறப்பான பண்டமாக எண்ணப்படவும் இல்லை.

மேலே பூ, கீழே காய்

வேர்க்கடலை என்கிறோமே, அது வேரில் காய்க்கிறதா? இல்லை. மஞ்சள் நிறப் பூ மண்ணுக்கு மேலேதான் பூக்கிறது. தன் மகரந்தத்தாலேயே கருவுறுகிறது. பூ வாடியபின் சூலகத்தின் அடியிலிருந்து ஊசிபோல் ஒரு காம்பு நீண்டு கீழ்நோக்கி வளர்கிறது. "விழுது இறங்குகிறது" என்று உழவர்கள் அழகாகச் சொல்வார்கள். விழுதின் நுனி மண்ணைத் துளைத்து உள்ளே சென்று, இருட்டில் படுத்துக்கொண்டு, காயாகப் பருக்கிறது. மண் இறுகி விழுது இறங்காவிட்டால் காய் இல்லை.

இந்த விந்தையான பழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாங்காய் மண்ணைத் தொடுவதில்லை. நிலக்கடலையோ தன் இளமை முழுவதையும் ஈர மண்ணில், மண்ணில் வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களின் நடுவே கழிக்கிறது.

சட்டிக்குள் நடப்பது

சரி, சட்டிக்கு வருவோம். கடலைப் பருப்பில் ஏறக்குறையப் பாதி எண்ணெய். கால் பங்கு புரதம். நூற்றுக்கு நான்கைந்து பங்கு சர்க்கரையும் உண்டு. நாம் மென்றபோது தெரிந்த லேசான இனிப்பு அதுதான். இவை எவற்றுக்கும் சொல்லிக்கொள்ளும்படி மணம் கிடையாது.

மணல் எதற்கு? வெறுஞ்சட்டியில் கடலையைப் போட்டால் சட்டியைத் தொடும் பக்கம் கருகும். மறுபக்கம் பச்சையாக இருக்கும். சூடான மணலில் புதைத்தால் எல்லாப் பக்கங்களிலும் ஒரே சீராகச் சூடு ஏறும். ஓட்டின் வரிகளுக்குள்ளும் மணல் புகுந்துவிடும். மணல் தானும் எரியாது, கடலையோடு ஒட்டாது, சலித்தால் பிரிந்துவிடும், மறுபடியும் உதவும். இவ்வளவு மலிவான, இவ்வளவு கச்சிதமான வறுக்கும் பொறியை எந்தப் பொறியியற் கல்லூரியும் வரைந்து கொடுக்கவில்லை.

சூடு ஏற ஏற முதலில் ஈரம் ஆவியாகிப் போகிறது. பச்சை வாடையும் அதனுடன் குறைகிறது. பிறகு, 150 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும்போது, பருப்புக்குள் ஒரு சிறு இரசாயனத் தொழிற்சாலையே இயங்கத் தொடங்குகிறது. சர்க்கரை உடைந்து குளுகோசாகவும் புருக்டோசாகவும் பிரிகிறது. அவை புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களோடு சேருகின்றன. 1912ஆம் ஆண்டு லூயி கமில் மையார் என்ற பிரெஞ்சு இரசாயனி சர்க்கரையையும் அமினோ அமிலத்தையும் ஒன்றாகச் சூடாக்கி, கலவை பழுப்பாக மாறுவதைக் கண்டு எழுதினார். ரொட்டியின் மேல்தோல் சிவப்பதும், காப்பிக்கொட்டை கறுப்பதும், தோசை முறுகுவதும் அதே வினைதான். மையாரின் பெயராலேயே இன்று அது வழங்குகிறது.

நிலக்கடலைக்குரிய அந்தத் தனி மணம் எது? 1966இல் அமெரிக்காவின் ஓக்லகோமாவில் ஆய்வாளர்கள் வறுத்த கடலையின் ஆவியைப் பிடித்து, பிரித்துப் பார்த்தார்கள். பைரசீன்கள் என்னும் நைட்ரசன் கலந்த சேர்மங்கள் அதில் அகப்பட்டன. பச்சைக் கடலையில் இல்லாதவை. வறுக்கும்போது புதிதாகப் பிறப்பவை. அடுத்த ஆண்டே இன்னொரு செய்தியும் வந்தது. எல்லா அமினோ அமிலங்களும் நல்ல மணத்தைத் தருவதில்லை. அஸ்பார்டிக், குளுட்டாமிக் முதலிய சில அமிலங்கள் நல்ல மணத்துக்குக் காரணம். வேறு சில, வேண்டாத வாடைக்குக் காரணம். முற்றாத கடலையில் இந்த அளவுகள் மாறிக் கிடக்கும். அதனால்தான் இளங்கடலையை எவ்வளவு பக்குவமாக வறுத்தாலும் முற்றின கடலையின் மணம் வருவதில்லை. கடலைக்காரர்கள் இதை அறிவார்கள். பைரசீன் என்ற சொல்லை மட்டும் அறியமாட்டார்கள்.

இன்னொன்றும் அவர்களுக்குத் தெரியும். பருப்பு முழுதும் சிவப்பதற்குச் சற்று முன்னரே மணலிலிருந்து அள்ளிவிடுவார்கள். வெளியே எடுத்தபின்னும் பருப்பின் உள்ளே தங்கிய சூடு சிறிது நேரம் வறுத்துக்கொண்டே இருக்கும். நன்றாகச் சிவக்கட்டும் என்று காத்திருந்தால், ஆறுவதற்குள் கருகல் சுவை வந்துவிடும். வீட்டில் வறுக்கும்போது பலரும் ஏமாறும் இடம் இதுதான். நானும் பலமுறை ஏமாந்திருக்கிறேன்.

உப்பும் வெல்லமும் மாவும்

நெருப்பு தந்த மணம் எல்லா நாட்டுக்கும் பொது. அதற்கு மேல் ஏற்றிய சுவைகளில்தான் ஊருக்கு ஊர் கைவண்ணம் தெரிகிறது. மிக எளியது உப்பு. வறுத்த பருப்பின்மேல் உப்பைத் தூவிப் பாருங்கள். பெரும்பகுதி தட்டின் அடியில் தங்கிவிடும். காய்ந்த பரப்பில் உப்புக்குப் பிடிப்பில்லை. எனவே உப்பு நீரில் ஊறவைத்துப் பிறகு வறுக்கிறோம். அல்லது ஓட்டோடு உப்பு நீரில் அவிக்கிறோம். அவித்த கடலையில் அந்த வறுத்த மணம் ஏன் இல்லை என்பது இப்போது உங்களுக்கே விளங்கும். கொதிநீர் 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. மையாரின் தொழிற்சாலை திறப்பதற்கு அந்தச் சூடு போதாது. அவித்த கடலையின் சுவை பயற்றின் சுவை.

உப்புக் கடலையைப் பெரிய வாணிகமாக்கியவர் அமெடியோ ஓபிசி என்ற இத்தாலியர். பிழைப்புத் தேடி அமெரிக்கா போய், பென்சில்வேனியாவில் தெருவோரம் கடலை வறுத்து விற்றவர் அவர். 1906இல் தம் கூட்டாளியோடு பிளான்டர்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். தோல் நீக்கி உப்பிட்ட முழுப்பருப்பைச் சிறு பைகளில் அடைத்து, பெயர் பொறித்து விற்றார். 1916இல் டஸ்கேகீயின் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், கடலையை உண்ண 105 வழிகளைத் தொகுத்து உழவர்களுக்காக ஒரு சிறு நூல் வெளியிட்டார். கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் அவரே என்று பலர் எழுதிவிடுகிறார்கள்; அது தவறு. 1884லேயே மாண்ட்ரியலில் மார்செல்லஸ் எட்சன் என்பவர் வறுத்த கடலை விழுதுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார்.

நம் பக்கத்தில் வெல்லம் சேர்ந்தது. கரிசல் மண்ணில் விளைந்த கடலையும் கம்பிப் பதத்துக்குக் காய்ச்சிய வெல்லப்பாகும் கூடிய கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மசாலாக் கடலையை எடுத்துக்கொள்ளுங்கள். பருப்பைக் கடலை மாவு, அரிசி மாவு, மிளகாய்த்தூள், பெருங்காயம், உப்பு ஆகியவற்றில் பிசறி எண்ணெயில் பொரிக்கிறோம். தன் பெயரை இந்த அந்நியனுக்குக் கடன் கொடுத்த அதே கொண்டைக்கடலை, இங்கே மாவாகி அவனுக்குச் சட்டையும் தைத்துக் கொடுத்திருக்கிறது. மிளகாயும் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்ததுதான். கறிவேப்பிலை நம்முடையது. பெருங்காயம் ஈரான், ஆப்கானிஸ்தான் மலைகளில் விளைவது. ஒரு பிடி மசாலாக் கடலையில் எத்தனை கடல்கள், எத்தனை கணவாய்கள்!

மாவுச் சட்டை போட்ட கடலைகளில் எனக்கு மிகவும் பிடித்த கதை மெக்சிகோவில் நடந்தது. யோஷிகெய் நக்காத்தானி என்ற ஜப்பானியர் 1932இல் வேலை தேடி அங்கே போனார். மெக்சிகோப் பெண்ணான எம்மாவை மணந்தார். உலகப்போர் வந்தது. 1942இல் மெக்சிகோ அச்சு நாடுகளோடு போரில் இறங்கியது. ஜப்பானியர்களின் நிறுவனங்கள் மூடப்பட்டன. நக்காத்தானியின் வேலை போயிற்று. கணவனும் மனைவியும் வீட்டிலேயே மிட்டாய் செய்து மெக்சிகோ நகரின் லா மெர்சேத் சந்தைப் பகுதியில் விற்றுப் பிழைத்தார்கள்.

ஜப்பானில் பயறு வகைகளுக்கு மாவுப் பூச்சுக் கொடுத்து வறுக்கும் பழக்கம் உண்டு. அந்த நினைவில், 1945 வாக்கில், நிலக்கடலைக்குக் கோதுமை மாவுப் பூச்சும் சோயாச் சாறும் கொடுத்து நக்காத்தானி ஒரு தின்பண்டம் செய்தார். மொறுமொறுவென்று உடையும் ஓடு, உள்ளே கடலை. சந்தையில் மக்கள் "ஜப்பானியர் விற்கும் கடலை" என்று கேட்டு வாங்கினார்கள். "ஜப்பானியக் கடலை" என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர் காப்புரிமை பதிவு செய்யவில்லை. ஆகவே பலரும் அதே பண்டத்தைச் செய்யத் தொடங்கினார்கள். இன்று மெக்சிகோவில் எந்தச் சிறு கடையிலும் அது கிடைக்கும். எலுமிச்சையும் மிளகாயும் சேர்த்துத் தின்பது அவ்வூர் வழக்கம். அக்காபுல்கோவிலிருந்து மணிலா போன கப்பல்கள் கடலையை ஆசியாவுக்குக் கொண்டு வந்தன. ஆசியாவின் சோயாச் சாறோ, வேலையிழந்த ஒரு மனிதரின் கையால் அக்கடலையைத் தேடி மெக்சிகோவுக்குப் போயிற்று.

கசந்த பருப்பு

இனி, துப்பச் சொன்ன அந்தப் பருப்புக்கு வருவோம்.

1960ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பண்ணைகளில் வான்கோழிக் குஞ்சுகள் திடீரென்று மடியத் தொடங்கின. சில மாதங்களில் இறந்தவை 1,00,000க்கும் மேல். எந்தக் கிருமியும் அகப்படவில்லை. காரணம் புரியாததால் அந்த நோய்க்கு "வான்கோழி எக்ஸ் நோய்" என்று பெயர் வைத்தார்கள். இறந்த குஞ்சுகள் எல்லாவற்றின் ஈரலும் கெட்டிருந்தது. எல்லாம் ஒரே மாதிரித் தீனி தின்றிருந்தன. தீனியைத் தேடிப் போனபோது வழி ஒரு கடலைப் பிண்ணாக்கில் வந்து முடிந்தது. பிரேசிலிலிருந்து வந்த பிண்ணாக்கு அது.

அதில் ஆஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்ற பூஞ்சை வளர்ந்திருந்தது. அந்தப் பெயரிலிருந்தே, அது சுரந்த நஞ்சுக்கு அப்ளாடாக்சின் என்று பெயர் இட்டார்கள். புற ஊதாக் கதிரில் நீலமாக ஒளிர்பவை ஒரு வகை, பச்சையாக ஒளிர்பவை இன்னொரு வகை. நீலத்தில் ஒன்றான அப்ளாடாக்சின் பி1 ஈரல் புற்றுநோயை உண்டாக்கும் மிகக் கொடிய பொருள்களுள் ஒன்று என்பது பிற்காலத்தில் உறுதியாயிற்று. கடலையை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. 1974இல் இராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் மலைவாழ் மக்கள், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை வேறு வழியின்றி உண்டார்கள். மஞ்சள் காமாலை கண்டு 100 பேருக்கு மேல் இறந்தார்கள். நஞ்சு இதே நஞ்சுதான்.

மண்ணுக்குள் காய்க்கும் பழக்கத்தை நினைவில் வைக்கச் சொன்னேனே, அதன் பொருள் இங்கே விளங்கும். இந்தப் பூஞ்சை மண்ணில் வாழ்வது. காய் முற்றும் பருவத்தில் மழை பொய்த்து மண் சூடேறினால் செடி தளர்கிறது. ஓட்டில் கீறல் விழுகிறது. பூஞ்சை உள்ளே நுழைகிறது. பறிக்கும்போது பருப்பில் ஏறத்தாழ 40 சதவிகிதம் ஈரம் இருக்கும். அதை விரைவில் 7, 8 சதவிகிதத்துக்குக் காயவைத்தாக வேண்டும். களத்தில் கிடக்கும்போது மழை பெய்தாலோ, ஈரம் போகுமுன் மூட்டை கட்டினாலோ பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

வறுத்தால் போய்விடாதா என்று கேட்பீர்கள். பூஞ்சை செத்துவிடும், நஞ்சு போகாது. ஓரளவு குறையும், அவ்வளவுதான். அதை அடியோடு சிதைக்க 250 டிகிரிக்கும் மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் கடலை கரியாகிவிடும்.

நஞ்சின் அளவோ மிக மிகச் சிறியது. ஐரோப்பிய நாடுகள் நேராக உண்ணும் கடலையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் அப்ளாடாக்சின் இருக்கக்கூடாது என்கின்றன. கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோகிராம்! அந்த அளவை எந்த நாக்கும் அறியாது. ஆனால் பூசணம் புகுந்த பருப்பு பெரும்பாலும் சுருங்கியிருக்கும், நிறம் மாறியிருக்கும், கசக்கும். அதைப் பார்த்தவுடன் எறிகிறோம், கடித்தவுடன் துப்புகிறோம். ஓட்டுக் கடலையை உரித்துத் தின்பவருக்குக் கண், விரல், நாக்கு என்று மூன்று காவலர்கள் இருக்கிறார்கள். ஒரு மூட்டையில் நஞ்சு பெரும்பாலும் சில பருப்புகளிலேயே குவிந்திருக்கும் என்பதால், அந்தச் சில பருப்புகளைப் பொறுக்கி எறிந்தாலே மூட்டையின் நஞ்சில் பெரும்பகுதி போய்விடும்.

இப்போது அந்தச் சுவையான மாவுச் சட்டையை மறுபடி நினைத்துப் பாருங்கள். மசாலாவும் மாவும் மூடிய பருப்பின் நிறம் கண்ணுக்குத் தெரியாது. சுருக்கம் விரலுக்குத் தட்டாது. மிளகாயின் காரம் கசப்பை நாக்குக்குச் சொல்லவிடாது. மூன்று காவலர்களையும் ஒரே அடியில் உறங்க வைத்துவிடுகிறது பூச்சு! பூச்சுக் கடலையே தீது என்று நான் சொல்லவில்லை. எனக்கும் அது பிடிக்கும். ஆனால் நாம் செய்து வந்த சோதனையை, பூசுவதற்கு முன்பே வேறு யாராவது நமக்காகச் செய்திருக்க வேண்டும் என்பதை மறுக்க முடியாது.

நல்ல ஆலைகளில் அதைச் செய்கிறார்கள். முதலில் லேசாகச் சூடாக்கிச் சிவப்புத் தோலை உரித்துவிடுகிறார்கள். தோல் போனால் பருப்பின் கறை மறையாது. உரித்த பருப்புகள் வரிசையாக ஒளிக்கற்றையின் குறுக்கே விழுகின்றன. மின்னணுக் கண் ஒவ்வொன்றையும் பார்க்கிறது. நிறம் மாறிய பருப்பு வந்தால் நொடியில் ஒரு சிறு காற்றுத் தாரை அதை மட்டும் தட்டி அப்புறப்படுத்திவிடுகிறது. பிறகு மாதிரிகள் எடுத்து நஞ்சின் அளவைச் சோதிக்கிறார்கள். பல கிடங்குகளில் இந்த வேலையை இன்றும் பெண்கள் முறத்தோடு தரையில் உட்கார்ந்து கையாலேயே செய்கிறார்கள். வெளிச்சம் நன்றாக இருந்தால் அவர்கள் கண்ணும் இலேசானதன்று.

வீட்டில் மசாலாக் கடலை செய்பவர்கள் மாவில் பிசறும் முன், பருப்பைத் தட்டில் பரப்பி, சன்னல் பக்கம் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். கறுத்தது, சுருங்கியது, ஓட்டை விழுந்தது, பூசண வாடை அடிப்பது எல்லாம் வெளியே. பொறுக்கியதை மாட்டுக்கும் கோழிக்கும் போட்டுவிடாதீர்கள்; வான்கோழிகள் செத்தது அப்படிப்பட்ட தீனியால்தான். கூம்பின் அடியில் கடைசியாகத் தங்கும் அந்தச் சுருங்கிய பருப்பை, காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று வாயில் போட்டு, மற்றவை தந்த சுவை முழுவதையும் இழந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும்.